ஒருவர் பெயரில் வீடு, நான்கு பேர் குடித்தனம்: மாணவர் வீட்டுச் சண்டைகளைத் தீர்ப்பது பற்றி

சென்னையில் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு டூ பிஎச்கே எடுத்தால், ஹவுஸ் ஓனர் தன் போனில் பதிந்து வைப்பது ஒரே ஒருவரின் எண்ணைத்தான். வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர்தான் இருக்கும். ஈபி பில் வந்தால் ஓனர் அவருக்குத்தான் அனுப்புவார். தண்ணி கேன் போடும் அண்ணன் அவரைத்தான் கூப்பிடுவார். மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிந்தால் கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பதும் அவரிடம்தான். அவரை யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். முதலில் வீடு தேடி அலைந்தவர் என்பதால் பொறுப்பு அவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வேளச்சேரி, கோட்டூர், தாம்பரம், பொத்தேரி என்று கல்லூரிகளைச் சுற்றி மாணவர்கள் குடியிருக்கும் பகுதிகளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒருவருக்கும் மற்ற மூவருக்கும் இடையில் வருபவை. வெளியில் அது பாத்திரச் சண்டையாகவோ ஏசி சண்டையாகவோ தெரியும். உள்ளே இருப்பது வேறு: ஒருவர் சுமக்கிறார், அவர் சுமப்பது மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அவர் ஒருநாள் வெடிக்கும்போது, "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இப்படிக் கத்துற?" என்று மூவரும் திகைக்கிறார்கள். அவர்களுக்கு அது உண்மையிலேயே சின்ன விஷயம்தான். அதனால் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, பாரம் எங்கே குவிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பிரித்தால் பாதிச் சண்டை பேசாமலே அடங்கிவிடும்.

முதலில் பணம். வாடகை 5-ஆம் தேதிக்குள் ஓனருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வீட்டிலிருந்து 1-ஆம் தேதி பணம் வரும், இன்னொருவருக்கு 7-ஆம் தேதி, மூன்றாமவருக்கு உதவித்தொகை எப்போது வருகிறதோ அப்போது. 5-ஆம் தேதி முழுத்தொகையையும் போட்டுவிட்டு, மற்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்குவார் அந்த ஒருவர். அவர் மாதம்தோறும் நண்பர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். கடன்காரர் போலக் கேட்கவும் வேண்டியிருக்கிறது. கேட்பது அவருக்கு அவமானம், கேட்கப்படுவது மற்றவர்களுக்கு எரிச்சல்.

இதற்கு நடைமுறையில் ஒத்துவருவது பொதுக்கையிருப்பு. வாடகை தவிர மாதம் என்ன செலவாகிறது என்று கூட்டுங்கள்: தண்ணி, கேஸ், இன்டர்நெட், மெயின்டனன்ஸ், வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம், ஈபியில் மாதப் பங்கு. அது 6,000 ரூபாய் என்றால் தலைக்கு 1,500 ரூபாயைக் குடிவரும் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். இது அந்த மாதச் செலவுக்கான பணம் அல்ல, வீட்டை விட்டுப் போகும்போது திரும்பக் கிடைக்கும் வைப்பு. செலவெல்லாம் இதிலிருந்து போகும்; மாதக் கடைசியில் கணக்குப் பார்த்து, குறைந்ததை நால்வரும் நிரப்புவார்கள். யாரும் கைக்காசு போட வேண்டியதில்லை. கணக்கு எழுத ஸ்பிளிட்வைஸ் போன்ற செயலியோ, நால்வரும் திறக்கக்கூடிய ஒரு கூகுள் ஷீட்டோ போதும். ஒரே நிபந்தனை, செலவு நடந்த அன்றே எழுத வேண்டும். பத்து நாள் கழித்து நினைவிலிருந்து எழுதும் கணக்கில் சந்தேகம் புகுந்துவிடும்.

வாடகைக்கு, பணம் தாமதமாக வருகிறவரிடம் அவருடைய தேதியை முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். "எனக்கு 8-ஆம் தேதிதான் வரும்" என்று முதலிலேயே சொன்னவரிடம் 6-ஆம் தேதி யாரும் கோபப்பட மாட்டார்கள். ஓனரிடம் பேசி வாடகைத் தேதியை 10-க்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். மாதம் தவறாமல் வரும் என்று உறுதி சொன்னால் பலர் ஒப்புக்கொள்வார்கள்.

தாமதத்துக்கு அபராதம் போடலாம் என்று எல்லா வீட்டிலும் யாராவது சொல்வார்கள். வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் செய்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தாமதமாக வருபவர்கள் அதிகமானார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் எண்ணிக்கை குறையவில்லை. காசு கொடுத்துவிட்டால் தப்பில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மாணவர் வீட்டில் இன்னொரு கெடுதலும் உண்டு: வசதியானவர் 50 ரூபாயை எறிந்துவிட்டுப் போவார், இல்லாதவர்தான் வதைபடுவார்.

அறையைப் பிரிப்பதில் நடக்கும் அநியாயம் மெதுவாகத்தான் வெளியே வரும். இரண்டு படுக்கையறைகளில் ஒன்றில் அட்டாச்டு பாத்ரூமும் பால்கனியும் இருக்கும். மற்றது சின்னது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வாடகை 24,000 என்றால் தலைக்கு 6,000 என்று பிரித்துவிட்டு, முதலில் வந்த இருவர் பெரிய அறையை எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் மாதம் காலை எட்டு மணிக்குப் பொது பாத்ரூம் வாசலில் நிற்கும்போதுதான் மற்றவர்களுக்கு உறைக்கும்.

இதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. பெரிய அறைக்குத் தலைக்கு எவ்வளவு வரை கொடுக்கத் தயார் என்று நால்வரும் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். மொத்த வாடகை மாறாது என்பதால், பெரிய அறைக்குக் கூடுவது அப்படியே சின்ன அறையில் குறையும். எழுதியவை 6,200, 6,500, 6,800, 7,200 என்று வைத்துக்கொள்வோம். அதிகம் எழுதிய இருவருக்குப் பெரிய அறை. விலையை நடு இரண்டு எண்களுக்கு இடையில் வையுங்கள்: 6,650. அப்படியானால் சின்ன அறைக்குத் தலைக்கு 5,350. பெரிய அறைக்குப் போனவர்கள் தாங்கள் எழுதியதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்கள். சின்ன அறைக்காரர்களோ 6,650 கொடுத்துப் பெரிய அறை வேண்டாம் என்று சீட்டிலேயே சொன்னவர்கள். யாருக்கும் ஏமாந்த எண்ணம் வராது. ஏற்கெனவே குடிபோய்விட்ட வீட்டிலும் இதைச் செய்யலாம். ஆள் மாறாமல் விலை மட்டும் மாறினாலே மனக்குறை தணிந்துவிடும்.

அடுத்தது ஏசி. இதில் பெரும்பாலான வீடுகள் தவறான கணக்கைப் போட்டுவிட்டு, தாங்கள் நியாயமாக நடப்பதாக நம்புகின்றன. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 500 யூனிட் வரை ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25, அடுத்த 200-க்கு 4.50, அடுத்த 100-க்கு 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, அதன்பின் 500 வரை 6, 501 முதல் 600 வரை 8 ரூபாய். அதனால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இப்போது ஒரு வீடு. ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும், பில் 675 ரூபாய். கோடையில் ஓர் அறையில் மட்டும் ஏசி போடுகிறார்கள். ஓர் இரவுக்கு 5 யூனிட் வீதம் 60 நாளில் இன்னொரு 300. மொத்தம் 600 யூனிட், பில் 2,750 ரூபாய். வழக்கமாக என்ன செய்வார்கள்? "பாதி யூனிட் ஏசிக்கு, பாதி வீட்டுக்கு. ஆளுக்குப் பாதி" என்று 1,375 ரூபாயை ஏசி அறைக்காரர்கள் தந்துவிட்டு, மீதி 1,375-ஐ நால்வருக்கும் பிரிப்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஏசி இல்லாவிட்டால் வீட்டின் பொதுச்செலவு 675 தானே? ஏசி வந்ததால் கூடியது 2,075 ரூபாய். அதில் 700 ரூபாயைப் பொதுக்கணக்கில் தள்ளிவிட்டார்கள். ஏசி இல்லாத அறையில் வியர்த்துப் படுத்திருப்பவர்கள் ஆளுக்கு 175 ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள். ஏதோ தப்பாக இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றும், எங்கே என்று சொல்லத் தெரியாது. அந்த எரிச்சல் பாத்திரத்திலோ செருப்பு விடும் இடத்திலோ போய் வெடிக்கும்.

சரியான கணக்கு இது: ஏசி இல்லாதிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று போட்டு அதை நால்வரும் பிரிக்க வேண்டும்; அதற்கு மேல் வந்தது முழுவதும் ஏசி அறைக்கு. மேலே சொன்ன விலைகள் அதன்பின் ஏறியிருக்கின்றன, உங்கள் பில்லில் உள்ள விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏசி எவ்வளவு இழுக்கிறது என்று கண்டுபிடிக்கத் தனி மீட்டர்கூட வேண்டாம். ஏசி ஓடும் ஓர் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் ஈபி மீட்டரை போட்டோ எடுங்கள். மறுநாள் இரவு ஏசி இல்லாமல் அதே நேரத்தில் எடுங்கள். ஃப்ரிட்ஜும் ஃபேன்களும் இரண்டு இரவும் ஒரேபோல ஓடும் என்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏசி. மூன்று நான்கு இரவுகளுக்குப் பார்த்துச் சராசரி எடுத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்குகிற வீட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே யூனிட்டை எண்ணினால் போதும்.

சமையலறைக்கு வருவோம். பாத்திரம் கழுவ முறைப்பட்டியல் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். மூன்று வாரம் தாங்கினால் அதிகம். காரணம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. வெள்ளி இரவு ஊருக்குப் பஸ் ஏறுபவருக்குச் சனி, ஞாயிறு முறை வராது. இன்டர்னல் வந்தால் முறை மாற்றிக்கொள்வார்கள். மாற்றியது யாருக்கும் நினைவிருக்காது. "போன வாரம் உனக்குப் பதில் நான் செஞ்சேன்" என்ற கடன் வாய்க்கணக்காகச் சேர்ந்துகொண்டே போகும். ஊருக்குப் போகாத ஒருவர், பெரும்பாலும் தூரத்து ஊர்க்காரர், எல்லா வாரக்கடைசியும் தனியாகக் கழுவிக்கொண்டிருப்பார்.

எங்கும் பலிப்பது பாத்திரத்தைக் குறைப்பது. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம். மீதியைக் கட்டி பரணில் போடுங்கள். அடுத்த வேளை சாப்பிட வேண்டுமென்றால் உங்கள் தட்டைக் கழுவித்தான் ஆக வேண்டும். சிங்க்கில் மலையாகக் குவிய அங்கே பாத்திரமே இருக்காது. குக்கர், வாணலி, தோசைக்கல் போன்ற பொதுப் பாத்திரங்களுக்கு ஒரே விதி: சமைத்தவர் கழுவ வேண்டாம், சாப்பிட்டவர் கழுவ வேண்டும், படுக்கப் போகும்முன் கழுவ வேண்டும். தனக்கு மட்டும் மேகி கிண்டியவர் தானே கழுவிக்கொள்வார்.

மற்ற வேலைகளில் நாள்முறையை விட்டுவிட்டு, மாதம் முழுக்க ஆளுக்கொரு பொறுப்பு என்று வையுங்கள். ஒருவருக்குச் சமையல் மேடையும் ஃப்ரிட்ஜும், ஒருவருக்கு பாத்ரூம்கள், ஒருவருக்கு ஹாலும் குப்பையும், ஒருவருக்குத் தண்ணி: கேன், மோட்டார், கோடையில் லாரி. ஊருக்குப் போகிறவர் போகுமுன்னோ வந்த பின்னோ செய்துகொள்ளலாம். எந்த நாள் என்பது அவர் பாடு, வேலை நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். "சுத்தம்" என்றால் என்ன என்பதை மட்டும் முதலில் எழுதிவிடுங்கள், ஏனென்றால் ஒவ்வொருவர் வீட்டு வழக்கமும் வேறு. பாத்ரூம் என்றால் வாரம் ஒருமுறை க்ளோசெட்டுக்கு ஆசிட் க்ளீனர், தரை தேய்ப்பு, வடிகட்டியில் சேரும் முடி எடுப்பது, போர் தண்ணீரால் குழாயில் படியும் வெள்ளை உப்பைச் சுரண்டுவது. ஆசிட் க்ளீனரையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் போடாதீர்கள். வெளிவரும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும்.

ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு பகுதி பிரித்துவிடுங்கள். பொதுவில் இருப்பவை எவை என்று முடிவு செய்யுங்கள்: பால், முட்டை, மாவு பாக்கெட், வெங்காயம், எண்ணெய் என்று ஐந்தாறு பொருள்கள் போதும். பட்டியலில் இல்லாதது எதுவானாலும் வாங்கியவருடையது, கேட்காமல் தொடக்கூடாது. அம்மா கொடுத்துவிட்ட ஊறுகாய், பருப்புப்பொடி, அதிரசம் இவற்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 40 ரூபாய் பொருள் என்று நினைத்து எடுப்பவருக்கு, அது இன்னொருவருக்கு அடுத்த விடுமுறை வரை ஓட வேண்டியது என்பது தெரியாது.

சைவம், அசைவம் சேர்ந்த வீட்டில் ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு வெட்டும் பலகை தனியாக வைத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். பச்சை இறைச்சி மூடிய டப்பாவில் கீழ்த்தட்டில் இருக்கட்டும். மேலே வைத்தால் நீர் சொட்டி மற்றதில் விழும். இங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. உணவுக்காகப் பாத்திரத்தைப் பிரிப்பது வேறு. ஆளுக்காகப் பிரிப்பது வேறு. ஒருவரின் சாதி தெரிந்த பிறகு "அந்த டம்ளர் அவனுக்கு" என்று ஒதுக்கினால், அது சமரசம் பேச வேண்டிய விஷயமே இல்லை. மற்ற இருவர் அங்கே நடுநிலை வகிக்கவும் கூடாது.

கணக்கும் ஏற்பாடும் எவ்வளவு சரியாக இருந்தாலும் பேச வேண்டிய நாள் வரும். பேசுவதில் எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் வாட்ஸ்அப் குரூப்பில். "யாரோ சாப்பிட்ட தட்டை அப்படியே வெச்சிருக்காங்க" என்று போட்டோவோடு ஒரு செய்தி வரும். அந்த யாரோ யார் என்று நால்வருக்கும் தெரியும். மூன்றாமவர் ஒரு கட்டைவிரல் போட்டால் அது கட்சி சேர்வதாகிவிடும். குரூப்பைத் தகவலுக்கு மட்டும் வையுங்கள்: தண்ணி லாரி எப்போது, பில் எவ்வளவு, யார் ஊருக்குப் போகிறார்கள். குறையை நேரில், தனியாக, சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் சொல்லுங்கள். நடந்த இரவிலேயே சொல்லாதீர்கள். மூன்று நாள் தள்ளியும் போடாதீர்கள். மறுநாள் மாலை டீக்கடைக்கு நடந்துபோகும்போது சொல்வது நல்ல நேரம். பக்கத்தில் நடப்பவரிடம் முகத்தைப் பார்க்காமலே பேசலாம்.

சொல்லும் விதம் இப்படி இருக்கட்டும்: "மச்சான், செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹால்ல போன் ஸ்பீக்கர்ல ஓடுச்சு. எனக்குக் காலையில எட்டு மணிக்கு லேப், தூங்கவே இல்ல. பதினொண்ணுக்கு மேல இயர்போன் போட்டுக்கிறியா?" என்ன நடந்தது, எப்போது, அதனால் என்ன ஆனது, என்ன வேண்டும். அவ்வளவுதான், அதோடு நிறுத்துங்கள். "எப்பப் பாத்தாலும் நீ இப்படித்தான்", "உங்க வீட்ல இப்படித்தான் வளத்தாங்களா" என்று தொடங்கினால் பேச்சு அன்றே முடிந்தது. எதிர்த்தரப்பு, "நீ மட்டும் என்ன, காலையில அஞ்சு மணிக்கு அலாரத்த நாலு தடவை அடிக்க விடுற" என்று திருப்பும். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். "சரிடா, அதையும் பேசலாம். முதல்ல இத முடிச்சிடுவோம்" என்று சொல்லி, இரண்டாவதையும் கட்டாயம் பேசுங்கள். ஒன்றுக்கு ஒன்று சரிக்கட்டினால் இரண்டும் அப்படியே தொடரும்.

சீனியரும் ஜூனியரும் சேர்ந்து இருக்கும் வீட்டில் இந்த முறை வேலை செய்யாது. "அண்ணா" என்றோ "அக்கா" என்றோ கூப்பிடுகிறவரால் குறை சொல்ல முடியாது; சிரித்து மழுப்புவார், பிறகு ஒருநாள் சொல்லாமல் பிஜிக்கு மாறிவிடுவார். அங்கே மூத்தவர்தான் கேட்க வேண்டும். "ஏதாவது பிரச்சினையா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணுமில்லண்ணா" என்றே பதில் வரும். "நான் லைட்ட ஒரு மணி வரைக்கும் போட்டுப் படிக்கிறேன், உனக்குத் தூக்கம் கெடுதா? டேபிள ஹாலுக்கு மாத்திடவா?" என்று குறிப்பாகக் கேட்டால்தான் உண்மை வரும். மூவர் தமிழும் ஒருவர் தெலுங்கோ இந்தியோ பேசும் வீட்டிலும் இதே கவனம் வேண்டும். அவருக்குப் புரியாத மொழியில் பேசி எடுத்த முடிவை அவர் மீறினால், அது அவர் குற்றமாகாது.

எல்லாவற்றையும் ஓட்டுக்கு விடாதீர்கள். எந்த இன்டர்நெட் இணைப்பு, எந்தக் கடை மளிகை என்பதற்கு ஓட்டு சரி. தூக்கம், சாப்பாடு, தொழுகை அல்லது பூஜை, யார் தன் அறைக்குள் வரலாம் என்பவற்றில் மூவர் சேர்ந்து ஒருவரைத் தோற்கடிப்பது நியாயமாகாது. இருவர் பேச்சை நிறுத்திவிட்டால் மூன்றாமவர் தூது போகவே கூடாது. "அவன் கிட்ட சொல்லு" என்றால், "மூணு பேரும் உக்காந்து பேசலாம்" என்று சொல்லிவிடுங்கள். உட்கார்ந்த பிறகு ஒரே விஷயம்தான். ஒவ்வொருவரும் இடைமறிப்பில்லாமல் சொல்லி முடிக்கட்டும். மற்றவர் பதில் சொல்லுமுன் தான் கேட்டதைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்லட்டும். ஒப்புக்கொண்டதை இரண்டு வாரம் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் சம்மதிப்பது எளிது.

விருந்தாளிகள் விஷயத்தில் எண்ணைச் சொல்லிவிடுவது நல்லது. இன்டர்வியூவுக்கு "ரெண்டு நாள்" என்று வந்த நண்பர் மூன்று வாரம் ஹாலில் படுத்திருப்பார். கூட்டி வந்தவருக்கு அவரைப் போகச் சொல்ல வாய் வராது, மற்றவர்களுக்கோ அது தங்கள் நண்பரில்லை. தொடர்ந்து மூன்று இரவு வரை யாரிடமும் கேட்க வேண்டாம், தகவல் போதும். அதற்கு மேல் நால்வரும் சம்மதிக்க வேண்டும், தண்ணி, கேஸ், சாப்பாட்டில் ஒரு பங்கு கூட்டி வந்தவர் கணக்கில் ஏறும். இது எழுதியிருந்தால் கூட்டி வந்தவருக்கே உதவி: "வீட்டுல ரூல் அப்படி மச்சான்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

சில விஷயங்கள் இந்த ஏற்பாடுகளுக்குள் அடங்காது. அடி, மிரட்டல், திருட்டு, தொடர்ந்த கேலி, பாலியல் தொல்லை ஆகியவற்றுக்கு வீட்டுக்கூட்டம் போட்டுச் சமரசம் தேடாதீர்கள். சீனியர்கள் வாடகை வீட்டில் செய்வதும் ராகிங்தான். தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் கல்லூரி வளாகத்துக்கு வெளியே நடப்பதற்கும் பொருந்தும். யுஜிசி உதவி எண் 1800-180-5522. உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கு 181. அறையில் யாராவது கஞ்சா வைத்திருந்தால், சோதனை வரும் நாளில் அது யாருடையது என்று நிரூபிக்கும் பாடு எல்லோருக்கும் வரும். தெளிவாகச் சொல்லியும் நிற்கவில்லை என்றால் நீங்கள் வெளியேறுவதே சரி.

இன்னொன்றும் உண்டு. எப்போதும் ஒழுங்காக இருந்தவர் திடீரென்று தட்டைக் கழுவாமல், வகுப்புக்குப் போகாமல், பகலெல்லாம் படுத்துக்கிடந்தால், அதைச் சோம்பலாக எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். அவருடைய வேலையைச் சில வாரம் மற்ற மூவர் பிரித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, டெலி மானஸ், தமிழிலும் பேசலாம். அடுத்த அறையில் இருப்பவர் கவனித்ததால் பிழைத்த மாணவர்கள் உண்டு, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக, ஒருவர் பாதியில் வீட்டை விட்டுப் போவது. நட்பே முறிவது இங்கேதான், ஏனென்றால் பெரிய தொகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். முடிந்தால் நால்வர் பெயரையும் வாடகைதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓனர் ஒருவர் பெயர்தான் என்று பிடிவாதம் பிடித்தால், நால்வரும் தங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: அட்வான்ஸில் யார் எவ்வளவு போட்டார், போவதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், மாற்று ஆளைத் தேடுவது யார் வேலை. போகிறவர் தேடிக் கொண்டுவர வேண்டும், இருக்கும் மூவரும் சம்மதிக்க வேண்டும் என்பதே நடைமுறைக்கு ஏற்றது.

அட்வான்ஸ் 1,20,000 என்றால் ஆளுக்கு 30,000. ஓனரிடம் போன பணம் அங்கேயே இருக்கும்; புதிதாக வருகிறவர் போகிறவருக்குக் கொடுப்பார். இங்கே எல்லோரும் மறப்பது பெயின்டிங். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை ஓனர் பிடித்துக்கொள்வார் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது 24,000, தலைக்கு 6,000. பழையவர் 11 மாதம் இருந்தார், புதியவர் இன்னும் 11 மாதம் இருக்கப்போகிறார் என்றால், பழையவர் பங்கு 3,000. ஆகவே புதியவர் அவருக்கு 27,000 கொடுத்தால் போதும். இதைச் செய்யாமல் முழு 30,000 வாங்கிக்கொண்டு போனால், கடைசியில் புதியவர் இருவர் பங்கையும் இழப்பார்.

பொருள்களைச் சேர்ந்து வாங்காதீர்கள். ஃப்ரிட்ஜ் ஒருவருடையது, அடுப்பு ஒருவருடையது, மிக்ஸி ஒருவருடையது, வாஷிங் மெஷின் ஒருவருடையது என்று வாங்கினால் போகும்போது அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால் மாதம் 50, 100 என்று பயன்பாட்டுத் தொகை வைத்துச் சரிசெய்யலாம். போகும் நாளன்று ஈபி மீட்டரையும், அவர் அறையின் சுவர், கதவு, பாத்ரூம் குழாய்களையும் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அவர் பங்கு பிறகுதான் தெரியும். பொதுக்கையிருப்பில் உள்ள அவருடைய 1,500-ஐ அதுவரை வைத்திருந்து, பில் வந்ததும் கழித்து மீதியை அனுப்பிவிடுங்கள். கேஸ் புக்கிங், இன்டர்நெட், தண்ணி கேன் எதிலாவது அவர் எண் இருந்தால் அன்றே மாற்றுங்கள், சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். போகிறவர் பெயரில்தான் ஒப்பந்தம் இருந்தது என்றால், ஓனரிடம் புதிய ஒப்பந்தம் எழுதி அட்வான்ஸ் தொகையை அதில் குறிப்பிடும்வரை யாரும் யாருக்கும் பணம் கைமாற்ற வேண்டாம்.